ரஹ்மான் கலந்த தங்கமும் வெள்ளியும்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தாலும், இன்றைக்கு அந்த நாற்காலியின் விளிம்பில் மட்டுமே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் ஸ்ரீரங்கன் அவர்களே. முன்வரிசையில் முக்காட்டைச் சரிசெய்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஜமீலுன்னிசா அம்மா அவர்களே. அம்மாவின் கைபிடித்து அழைத்துவந்த மீர்சாகிப்பேட்டைச் சகோதரிகளே. அறுபதையும் எழுபதையும் கடந்த பின்னும் அறிவைத் தேடி மாடிப்படி ஏறிவந்த பெரியோர்களே. அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கும் தாய்மார்களே. தியாகராய நகரிலிருந்து வருகை தந்து, தனியாக ஒரு வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே. உள்ளே இடமின்றி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் தம்பிமார்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவும் கனிவும் கலந்த வணக்கம்.

மந்தைவெளி அறிவியல் மன்றத்தார் எனக்குத் தந்த தலைப்பு, 'இரு உலோக நுண்துகள்கள்: பண்பும் மருத்துவப் பயனும்' என்பது. அழைப்பிதழில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'பேராசிரியர் ஹபீபுர் ரஹ்மான் நினைவுச் சொற்பொழிவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மேலே இருப்பது பாடம். கீழே இருப்பது துக்கம். பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாடம் புரியாமல் இந்தத் துக்கம் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் ஜெயபாரதி. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். ரஹ்மான் சாரும் நானும் ஒரே ஆய்வகத்தில், ஒரே குழாயடியில், ஒரே அடுப்பைப் பங்குபோட்டுக்கொண்டு வேலை பார்த்தவர்கள். அவர் எனக்கு மூத்தவர். என்னை 'இன்னாம்மா ஜெயா' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரல் இல்லை.

தாய்மார்களே, தங்கம் என்ன நிறம்? மஞ்சள் என்கிறீர்கள். பனகல் பூங்காவைச் சுற்றியிருக்கும் அத்தனை நகைக்கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதே தங்கத்தை நுணுக்கி நுணுக்கி, உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரக்கணக்கில் பிளந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு சிறிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது சிவப்பு. மாதுளம்பழச் சாற்றின் சிவப்பு. வெள்ளி என்ன நிறம்? வெண்மை என்பீர்கள். அதையும் அப்படியே நுணுக்கி மிதக்கவிட்டால், அது மஞ்சள். பெரிதாக இருக்கும்போது ஒரு குணம், சிறிதானால் வேறு குணம். இப்படிப்பட்ட துகள்களுக்கு 'நானோ' என்று இப்போது ஒரு பெயர் புழங்கத் தொடங்கியிருக்கிறது. பெயர் புதிது, பொருள் பழையது. நாம் நுண்துகள் என்றே சொல்லிக்கொள்வோம்.

இப்போது கேளுங்கள். தங்கத் துகளைத் தனியாகச் செய்து, வெள்ளித் துகளைத் தனியாகச் செய்து, இரண்டையும் ஒரு புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கருவியில் வைத்துப் பார்த்தால் தங்கத்தின் நிறம் தனியே, வெள்ளியின் நிறம் தனியே தெரியும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஆனால் தங்கத்தின் உப்பையும் வெள்ளியின் உப்பையும் ஒரே நேரத்தில், ஒரே கொதிநீரில் இட்டு, சிட்ரேட் என்ற சரக்கைச் சேர்த்துக் காய்ச்சினால், ஒவ்வொரு துகளுக்குள்ளும் தங்கமும் வெள்ளியும் தோளோடு தோள் சேர்ந்து அமர்கின்றன. அப்போது இரண்டு நிறம் இல்லை, ஒரே நிறம். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, நடுவே ஒரு ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைப் பார்த்த முதல் நாள் ரஹ்மான் சார் அடுப்பை அணைக்க மறந்து நின்றார். நான்தான் அணைத்தேன்.

எதற்காக இரண்டு உலோகம்? ஒன்று போதாதா? போதாது, பெருமக்களே. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஆனால் அது பொறுமையில்லாத உலோகம். சீக்கிரம் கரையும், சீக்கிரம் கறுக்கும். தங்கம் பொறுமையானது, எதோடும் சண்டைக்குப் போகாது. புரதங்களை அது தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கர்ப்பம் அறியும் பட்டை விற்கிறார்களே, அதில் தோன்றும் சிவப்புக் கோட்டில் நிற்பது பெரும்பாலும் தங்கத் துகள்தான். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், சிரிக்கலாம், நல்ல செய்தி சொல்லும் கோடுதானே. வெள்ளியின் வேகமும் தங்கத்தின் நிதானமும் ஒரு துகளில் சேர்ந்தால், ஆறாத புண்ணைக் கழுவ ஒரு நீர் கிடைக்கலாம். நாளைக்கு அதே துகளின் மேல் மருந்தை ஏற்றி அனுப்பலாம். இரும்பின்மேல் தங்கம் போர்த்தி, காந்தத்தால் உடலுக்குள் இழுத்துச் செல்லலாம் என்றுகூடக் கனவு காண்கிறார்கள்.

என்ன ஐயா, கேட்கவில்லை, சற்று உரக்கச் சொல்லுங்கள். தங்க பஸ்பமா? அந்தப் பெரியவர் தங்க பஸ்பமும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறார். ஐயா, அது வேறு சாத்திரம், எனக்கு அதில் படிப்பில்லை. படிப்பில்லாத விஷயத்தில் மேடையேறிப் பேசும் துணிச்சலும் எனக்கு இல்லை.

ரஹ்மான் சார் எதற்காக இதைக் கையில் எடுத்தார்? அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. அப்பா காலில் புண்வந்து இறந்தார். தலைவர் அவர்களோ, நம் மந்தைவெளியில் சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். அவருடைய மருத்துவமனைக்கு ரஹ்மான் சார் முதலில் நோயாளியாகத்தான் போனார். சர்க்கரை அளவைப் பற்றித் தொடங்கிய பேச்சு வெள்ளியில் போய் முடிந்தது. ஒருவர் திருவாய்மொழி கேட்டு வளர்ந்தவர், மற்றவர் பாங்கு கேட்டு வளர்ந்தவர். ஒருவர் 'சொல்லுங்கோ ரஹ்மான்' என்பார், மற்றவர் 'இன்னா டாக்டர்' என்பார். இருவரும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்தால் எனக்கு வேலை ஓடாது. பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு.

ஒருமுறை தங்கம் தீர்ந்துபோயிற்று. வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்தால் வந்து சேர மாதக்கணக்காகும். ஜமீலுன்னிசா அம்மா தன் காதுத் திருகாணி ஒன்றைக் கழற்றி, இதைக் கரைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாராம். சார் வாங்கவில்லை. மனைவியின் நகை மேல் இரக்கமா? அதெல்லாம் இல்லை. 'இதுல செம்பு கீது ஜமீலா, மூணாவது உலோகம் உள்ள வந்துடும்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா இப்போது சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை என்று கேள்வி.

அந்தப் படுசுத்தமான மனிதர் எதற்கு அஞ்சினார் தெரியுமா? ஒரே ஒன்றுக்கு. உப்புக்கு. நாம் சாப்பிடும் சாதாரண உப்புக்கு. இந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் தன்மேல் மின்னூட்டத்தைப் போர்த்திக்கொண்டு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே மிதப்பவை. உப்பு வந்தால் அந்தப் போர்வை பறிபோகும். ஒன்றோடொன்று ஒட்டும், திரளும், கீழே போகும். ஆரஞ்சு நிறம் சாம்பலாகும். போதாததற்கு, உப்பில் இருக்கும் குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்ணிற வண்டலாக்கிவிடும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீருக்குத் தடை, லாரித் தண்ணீருக்குத் தடை, மயிலாப்பூர்க் கிணற்று நீருக்கு மகா தடை. காய்ச்சி வடித்த நீர் ஒன்றுக்குத்தான் அனுமதி. வியர்த்த கையோடு புட்டியைத் தொட்டால்கூடத் திட்டுவார்.

இனி, மருத்துவர்களின் உலகத்துக்கு வாருங்கள். அங்கே சுத்தத்தின் மறுபெயர் என்ன? சலைன். உப்பு நீர். புண்ணைக் கழுவ உப்பு நீர், நரம்பில் ஏற்ற உப்பு நீர், கிருமியைக் கரைத்துப் பரிசோதிக்க உப்பு நீர். வெறுந்தண்ணீர் உயிரணுக்களை உடைக்கும், உப்பு நீரே உடம்புக்கு உற்றது என்பது அவர்களின் முதல் ஆண்டுப் பாடம். அவர்கள் கை தானாகவே அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். அது பிழையில்லை, பழக்கம்.

ஒருவருக்கு உப்பு நஞ்சு, ஒருவருக்கு உப்பு மருந்து. இருவரும் நண்பர்கள். இருவரும் மேதைகள். எங்கள் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, தலைவர் கொண்டுவந்த சீழ்க் கிருமிகளை அந்த ஆரஞ்சு நீர் கொல்வதை இருவரும் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் எதில் கலப்பது என்று ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். மூச்சுவிடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகரில் ஒரு கூடம். மருத்துவர்கள் மட்டும் கூடிய கூட்டம். அவர்களுக்கு வசதியான நேரம் மதிய உணவு வேளை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சார் தொழுகை முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் தொடங்குங்கள் என்று முந்தைய நாள் காலையிலேயே புட்டியைக் கொடுத்தனுப்பினார். தலைவர் தொடங்கினார். தன் நண்பரைப் பற்றிப் பெருமை பெருமையாகப் பேசினார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு குழாயில் கிருமிக் கரைசலை எடுத்து, அதில் அந்த ஆரஞ்சு நீரைச் சொட்டினார். கிருமிக் கரைசல் எதில் செய்தது? சலைனில்.

ஆரஞ்சு போயிற்று. சாம்பல் வந்தது. முந்தைய நாள் அவருடைய உதவியாளர் அதே முறையில் தயாரித்து மூடிவைத்த தட்டைத் திறந்தார். கிருமி பாய் விரித்துப் படுத்திருந்தது. கூடத்தில் யாரோ ஒருவர், தங்கத்தையும் வெள்ளியையும் பனகல் பார்க்கோடு வைத்துக்கொள்ளலாம் டாக்டர் என்றார். கூடம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு ஓயும் நேரத்தில்தான் ரஹ்மான் சார் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். குழாயைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அந்தச் சாம்பல் நிறத்தை ஒரே ஒரு நொடி அவர் பார்த்திருந்தால் போதும், பெருமக்களே. ஒரே நொடி. உப்பு என்று கத்தியிருப்பார். பார்க்கவில்லை. தலைவர் அவரிடம், 'சரியா வரலை ரஹ்மான், போறது, விடுங்கோ' என்றார். அவர் தலையாட்டினார். என்ன சரியாக வரவில்லை என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாராம். அவ்வளவு பேர் நடுவில் எனக்காகப் பேசி அசிங்கப்பட்டவரிடம் போய், நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்பதா, மரியாதையா அது என்று. தலைவர் ஏன் சொல்லவில்லை? சில வாரங்களுக்கு முன் என்னிடம் சொன்னார். 'அவர் மனசு நோகப்படாதுன்னுதான் நான் அந்தப் பேச்சையே எடுக்கலை ஜெயா.' ஒருவர் மரியாதைக்காகக் கேட்கவில்லை. மற்றவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. பகையில் பிரிந்திருந்தால் ஒருநாள் சண்டை போட்டாவது உண்மை வெளியே வந்திருக்கும். இவர்கள் மரியாதையில் பிரிந்தார்கள். அதனால் ஒன்றும் வெளியே வரவில்லை.

சென்னைப் பட்டணத்தின் தெற்கில் வாழும் நமக்கு இது ஒரு நோய், பெரியோர்களே. மனம் நோகுமே என்று மறைப்போம். மரியாதை குறையுமே என்று மௌனமாவோம். அதை நாகரிகம் என்று பெயரிட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருப்போம்.

சிரிப்பு மட்டும் சும்மா இருக்கவில்லை. தியாகராய நகரில் தொடங்கியது மயிலாப்பூருக்கு வந்தது, மயிலாப்பூரிலிருந்து எங்கள் கல்லூரி வரைக்கும் நடந்துவந்தது. 'கலர் தண்ணி வாத்தியார்' என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். பெட்டிக்கடையில் விற்கும் கலரை ஊற்றித் தங்கம் என்று ஏமாற்றியவராம். யார்? உப்புக்கை பட்டால் புட்டியையே கொட்டிவிடும் மனிதர். திருகாணியில் செம்பு இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்த மனிதர். அவரா ஏமாற்றுவார்? ஆசிரியர் அறையில் அவர் நுழையும்போது பேச்சு நின்றது. அவர் ஆய்வகத்துக்குள் வருவது குறைந்தது. புட்டிகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வகுப்பு எடுத்தார், வீட்டுக்குப் போனார். என்னிடம் ஒரு நாள் கேட்டார், 'நம்ம எங்கம்மா ஜெயா தப்பு பண்ணோம்?' என்று. எனக்கும் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் இறங்கவும் முடியாது. சென்ற மழைக்காலத்தில் அவர் காலில் ஒரு கொப்புளம். புதுச் செருப்புக் கடித்தது. சர்க்கரைக்காரர் காலில் கொப்புளம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய அப்பாவின் கதையே அதுதானே. அம்மா கெஞ்சினார், மந்தைவெளிக்குப் போகலாம், ஸ்ரீரங்கன் டாக்டர் பார்த்தால் சரியாகிவிடும் என்று. ஒரு பஸ் ஏறினால் மந்தைவெளி. அந்த ஒரு பஸ்ஸில் அவர் ஏறவில்லை. அவர் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னார்: 'இன்னா மூஞ்ச வெச்சிக்கினு அவருகிட்ட போறது ஜமீலா?'

வேறு எங்கெங்கோ போனார்கள். தாமதமாகப் போனார்கள். காலை எடுத்தார்கள். எடுத்த பிறகும் உயிர் தங்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. அந்த ஆரஞ்சு நீர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் மருந்தாகவில்லை. மருந்தாக அது நடக்கவேண்டிய தூரம் நிறைய. நான் சொல்வது வேறு. அந்த மருத்துவர் அருகில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். கொப்புளத்தைக் கொப்புளமாகவே பார்த்து ஆற்றத் தெரிந்த கை, ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அந்தக் கைக்கும் இந்தக் காலுக்கும் நடுவே நின்றது ஒரு குழாய் சாம்பல் தண்ணீர்.

அவர் இறந்து பல நாட்கள் கழித்து, நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பதற்காகத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவரே பேச்சை எடுத்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று முதன்முதலாகச் சொன்னார். 'பார்த்துண்டே இருக்கேன், கறுத்துப் போச்சு ஜெயா' என்றார். எதில் கலந்தீர்கள் டாக்டர் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

'சலைன்லதான். வேற எதுல கலக்கறது?'

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தை விட்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரிய வைக்கவே நேரமாயிற்று. புரிந்த பிறகு அவர் எழுந்துபோய், வெளியே காத்திருந்த நோயாளிகளை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டார். இந்தக் கூட்டத்துக்குத் தானே தலைமை ஏற்பதாகவும், தன் பெயரைச் சொல்லியே நான் பேசவேண்டும் என்றும், அன்று சிரித்தவர்களைத் தானே அழைத்துவருவதாகவும் பிறகு சொன்னார். அழைத்தும் வந்திருக்கிறார். அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும், பெருமக்களே. இந்த அவை அதை அறியவேண்டும்.

இன்னும் ஒரு வேதனை பாக்கியிருக்கிறது. நம் ரத்தம் உப்பு. நம் கண்ணீர் உப்பு. புண்ணில் ஊறும் நீரும் உப்பு. அப்படியானால் இந்தத் துகள் என்றைக்கு உடம்பைத் தொட்டாலும் உப்பைச் சந்தித்தே தீரவேண்டும். அதற்கு வழி இருக்கிறது. ஜெலட்டின் போன்ற ஒரு புரதத்தைத் துகளின்மேல் போர்த்திவிட்டால் உப்பு அதை அவ்வளவு எளிதில் திரட்ட முடியாது. ரஹ்மான் சாருக்கு அது தெரியும், என்றைக்காவது செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தியாகராய நகரில் நடந்தது தோல்வியே அல்ல. அடுத்துச் செய்யவேண்டிய வேலை எது என்று அந்தக் குழாய் அன்றைக்கே அடையாளம் காட்டியது. அதைப் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை. பார்த்தவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொழுகை முடித்து வந்தவர், என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். மேடையில் நின்றவர், ஏன் கறுத்தது என்று கேட்டிருக்கலாம். சிரித்த அந்த அவை, சிரிக்கும் முன் எதில் கலந்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். கல்லூரியில் பட்டப்பெயர் வைத்தவர்கள், பட்டப்பெயருக்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு காலம் மிஞ்சியிருக்கும், ஒரு கால் மிஞ்சியிருக்கும், ஒரு மனிதர் இந்த முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேச்சு நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

இந்த மேசைமேல் துணி போட்டு மூடியிருப்பதை வந்ததிலிருந்து எல்லோரும் பார்க்கிறீர்கள். துணியை எடுக்கிறேன். இது ரஹ்மான் சார் தன் கையால் காய்ச்சியது. தியாகராய நகருக்குக் கொடுத்தனுப்பிய அதே கொதியில் இறக்கியது. அவர் பூட்டிவைத்த அலமாரியில் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஆகியும், பாருங்கள், அந்த ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. தலைவரும் நானுமாக இதில் கொஞ்சம் எடுத்து மறுபடி தட்டில் போட்டுப் பார்த்தோம். சலைனில் கலந்த தட்டில் கிருமி, காய்ச்சி வடித்த நீரில் கலந்த தட்டு துப்புரவு. மிச்சம் இவ்வளவுதான்.

நான் புதிதாக ஒன்று காய்ச்சிக் கொண்டுவந்திருக்கலாமே என்பீர்கள். வந்திருக்கலாம். ஆனால் அப்போது நீங்கள் நம்பப்போவது என் தண்ணீரை. அவருடைய தண்ணீரை அல்ல. கலர் தண்ணி என்று பழிக்கப்பட்டது இந்தப் புட்டி. இதுதான் பேசவேண்டும். பேசினால் இது தீர்ந்துவிடும். அவர் கைபட்டதில் இதற்குமேல் எங்களிடம் ஒரு சொட்டு இல்லை. அதனால் அம்மா, உங்கள் அனுமதி இல்லாமல் இதைத் தொடமாட்டேன். வேண்டாம் என்றால் இப்படியே துணியில் சுற்றி உங்கள் கையில் தந்துவிடுகிறேன். அவை காத்திருக்கட்டும். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

அம்மா சொல்வதை அப்படியே சொல்கிறேன். 'ஊத்துங்கம்மா. இத உள்ள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது. அவரு பேரு சுத்தமாவட்டும்.'

தலைவர் எழுந்து வருகிறார். இரண்டு குழாய்கள். இதில் காய்ச்சி வடித்த நீர். இதில் சலைன், உங்கள் முன்னால்தான் பாட்டிலை உடைக்கிறேன். தியாகராய நகர்ப் பெருமக்கள் மேடைக்குக் கீழே வந்து நில்லுங்கள், அருகில் வாருங்கள், கூச்சப்படவேண்டாம். டாக்டர், நான் ஊற்றட்டுமா? வேண்டாம் என்கிறார். அவரே ஊற்றுகிறார்.

முதல் குழாய். ஆரஞ்சு. அப்படியே இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடிக்கிறேன், பின்வரிசையில் தெரிகிறதா?

இரண்டாவது குழாய். பாருங்கள். மங்குகிறது. ஊதா ஓடுகிறது. சாம்பல்.

கீழே நிற்கும் மருத்துவர் ஒருவர் கைகூப்பி அம்மாவின் பக்கம் திரும்பியிருக்கிறார். ஐயா, அன்றைக்கு நகைச்சுவை சொன்னவர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். உங்களைத் தலைகுனிய வைக்க இந்த மேடை போடவில்லை. நாளைக்கு உங்கள் மருத்துவமனையில் யாராவது ஒருவருடைய வேலையைப் பார்த்து நீங்கள் சிரிக்கப்போகும் முன், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியர்களே, மாணவர்களை மட்டும் கேள்வி கேட்காதீர்கள், பக்கத்து நாற்காலியையும் கேளுங்கள். வாசலில் நிற்கும் தம்பிமார்களே, நண்பனுடைய மனம் நோகும் என்றாலும் கேளுங்கள். நொந்த மனம் ஆறும். நாங்கள் அடக்கம் செய்துவிட்டு வந்தது ஆறாது.

இடம் தந்த மன்றத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தன் பெயரைத் தானே அவையில் வைத்த தலைவருக்கும் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பொறுங்கள். அம்மா மேடைக்கு ஏறி வருகிறார். வழி விடுங்கள், மின்கம்பி காலில் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஆரஞ்சுக் குழாயைக் கையில் எடுத்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் என்று நினைத்தேன். அதைத் தலைவரிடம் நீட்டுகிறார். அம்மா சொன்னது ஒலிபெருக்கியில் விழவில்லை. எனக்குக் கேட்டது.

'நீங்களே வெச்சிக்குங்க டாக்டர் சார். உங்களுக்குன்னுதான செஞ்சாரு.'

தலைவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்துத் தலைமையுரை என்று அழைப்பிதழில் இருக்கிறது. அவரால் இப்போது பேச முடியாது, அவரை விட்டுவிடுங்கள். அவருக்கும் சேர்த்து நானே கைகூப்புகிறேன். வணக்கம்.